காய்ச்சலின்மைச் சான்றிதழ்

தொற்றுநோய்த் தடுப்பு இயக்ககத்தில் அந்த விஞ்ஞானிக்கு வலைக்காரம்மா என்று பெயர் விழுந்தது, இந்தக் காய்ச்சலைப் பற்றி அவள் முதல் அறிக்கையை அனுப்பிய வாரத்தில்தான். 'சிக்கலான வலையமைப்புகளில் காய்ச்சல் பரவும் விதம்' என்று தலைப்பு வைத்திருந்தாள். தபால் பிரிவில் இருந்தவர் 'வலை' என்ற இடம்வரைக்கும் படித்தார், அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது என்று கோப்பை மீன்வளத் துறைக்கு அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து அது திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: 'வலைக்கண்ணின் அளவு விதிப்படி இருக்கும்பட்சத்தில் இத்துறைக்கு ஆட்சேபணை இல்லை.' கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த ஆறு வாரத்தில் நகரத்தில் காய்ச்சல் கண்டவர்கள் நாலு மடங்காகியிருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது, கோபமெல்லாம் முதல் நாலு வருடத்திலேயே செலவாகிவிட்டது. கோப்பை எடுத்துத் தூசு தட்டி, தலைப்பில் இருந்த 'வலை'யை மட்டும் அடித்துவிட்டு மறுபடி அனுப்பினாள்.

அவள் வேலை ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. ஓர் ஆள் ஓர் இடத்தில் கால்மணி நேரம் இருந்தால் நடுவே ஒரு கோடு. அப்படிப் போட்டுக்கொண்டே போனால் முக்கால்வாசிப் புள்ளிகளுக்கு ஐந்தாறு கோடுகள்தான் இருக்கும். எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் கோடுகள் வந்து குவியும். காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஊருக்குள் போகும். அதை அடைத்தால் மிச்சமெல்லாம் தானாக வாடிவிடும். அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். இதை ஒரு தடவை சொன்னதுமே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

"நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரின்னு சொல்லு. அதை அடைச்சா ஊர்ல ஒரு பஸ்ஸும் நகராது."

"அவ்வளவுதாங்க. இதைத்தான் நான் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

"நாப்பது பக்கம் எதுக்கும்மா?"

"ஒரு பக்கத்துல எழுதினா அது கடுதாசி. நாப்பது பக்கம் இருந்தாத்தான் அறிக்கை."

மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, காய்ச்சலோடு படுத்திருந்தவர்களிடமெல்லாம் போன வாரம் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டு, பதினோராயிரம் புள்ளிகளைச் சேர்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணினி கணக்கை முடித்துப் படத்தைக் காட்டியது. ரயில் நிலையமாக இருக்கும், இல்லாவிட்டால் சந்தையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நடுவில் பூசணிக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்த புள்ளி, அவள் நாற்காலிக்கு நேர் கீழே மூன்று மாடி இறங்கினால் வரும் இடம். இயக்ககத்தின் தரைத்தளத்தில் இருந்த மூன்றாம் எண் கவுண்டர்.

மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தாள். மூன்று முறையும் அதே பூசணிக்காய்.

அந்தக் கவுண்டரில்தான் காய்ச்சலின்மைச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஓட்டுநர், ஆசிரியர், செவிலியர், சமையல்காரர், முடிதிருத்துபவர் என்று நாலு பேர் முகத்தில் விழிக்கிற தொழில் செய்கிற எல்லாரும் வாரம் ஒரு முறை நேரில் வந்து, தனக்குக் காய்ச்சல் இல்லை என்று முத்திரை வாங்கிப் போகவேண்டும். தாழ்ந்த கூரை, இரண்டு நீள பெஞ்சு, பெயின்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் போன ஒரே ஜன்னல். வாசலில் டோக்கன் அக்கா உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுப்பாள். உள்ளே முத்திரை அண்ணன் காய்ச்சல்மானியைத் துடைத்துத் துடைத்து எல்லார் நாக்குக்கு அடியிலும் வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்மானி ஒன்றுதான். துடைக்கிற துணியும் ஒன்றுதான். பதிவேட்டில் கையெழுத்துப் போட நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவும் ஒன்றுதான்.

வந்தவருக்குக் காய்ச்சல் இருந்தால் சான்று கிடையாது. இறங்கும்வரை பெஞ்சில் உட்காரலாம். அதற்கு விதியில் இடம் உண்டு.

விஞ்ஞானி படத்தைச் சுருட்டிக்கொண்டு இயக்குநரிடம் போனாள். இயக்குநர் தன் அறையில் ஒருவரோடு பேசினாலும் எதிரே ஒலிபெருக்கி இருப்பதுபோலத்தான் பேசுவார். படத்தை மேசைமேல் விரித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இந்தப் பெரிய வட்டம் எது?"

"நம்ம மூணாம் நம்பர் கவுண்டர் சார்."

"நம்ம கவுண்டரா? ரயில் நிலையம் எங்க?"

"அது இந்தா, இந்தச் சின்னது சார்."

இயக்குநர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ரயில் நிலையத்தைவிட நாம பெருசா?"

"ஏழு மடங்கு சார். ஆனா..."

"நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ அந்தக் கவுண்டருக்கு ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்தா அதிகம். இன்னைக்கு மக்கள் மூணு மணி நேரம் வரிசையில நிக்கிறாங்க. ஏன் நிக்கிறாங்க? நம்பிக்கை. ஒரு நிறுவனத்து மேல மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கைங்கிறது, அவங்க எவ்வளவு நேரம் காத்திருக்காங்கங்கிறதுலதான் தெரியும். இதை நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தேன். நீங்க இப்ப அறிவியல்பூர்வமா நிரூபிச்சிருக்கீங்க."

"சார், அது நல்லதில்ல சார். ஊருக்குள்ள காய்ச்சல் அங்கிருந்துதான் போகுது. ஒரு மாசம் அதை மூடி வெச்சா பாதிக்கு மேல அடங்கிடும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. புரியாத பிள்ளைக்குப் புரியவைக்கிற பொறுமையோடு கேட்டார்.

"மூடிட்டா, யாருக்குக் காய்ச்சல் இல்லைன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"மூடிட்டா நிறையப் பேருக்கு இருக்காது சார்."

"இருக்காதுங்கிறது வேற, இல்லைன்னு சான்று இருக்கிறது வேற. சான்று இல்லாம ஒருத்தனுக்குக் காய்ச்சல் இல்லாம இருக்கிறது ஒழுங்கீனம்மா. அதை நாம வளர விடக் கூடாது."

என்றாலும் அவர் விஞ்ஞானத்தை மதிக்கிறவர். படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். மூடும் யோசனையை ஆராயப் பதினோரு பேர் கொண்ட வல்லுநர் குழுவையும் அன்றே அமைத்தார்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு விஞ்ஞானி காலையிலேயே போய்விட்டாள். கூட்ட அறை வாசலில் காவலாளி கையை நீட்டினார். காய்ச்சலின்மைச் சான்று இல்லாமல் தொற்றுநோய்க் கூட்டத்துக்குள் யாரும் போக முடியாதாம். குழுவின் பதினோரு உறுப்பினர்களும் கீழே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவளும் போய் நின்றாள். முன்னால் ஒருவர் இருமினார், பின்னால் ஒருவர் தும்மினார். மனதுக்குள் அவளையறியாமல் கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன.

டோக்கன் அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "நீயுமா வலைக்காரம்மா? உனக்காவது மாடியிலேயே குடுக்கக் கூடாதா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே அக்கா. நீங்க எங்க வாங்குவீங்க?"

"இங்கதான். திங்கக்கிழமை எனக்கு நானே டோக்கன் கிழிச்சுக் குடுத்துக்கிட்டு எனக்குப் பின்னாடி நானே நிப்பேன்." சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முதல் கூட்டத்தில் 'மூடுதல்' என்ற சொல் கடுமையாக இருக்கிறது என்று ஒரு வல்லுநர் வருத்தப்பட்டார். மதிய உணவுக்குள் அதை 'திறந்திருத்தலைத் தற்காலிகமாகத் தவிர்த்தல்' என்று மாற்றினார்கள். இரண்டாம் கூட்டத்தில், தவிர்ப்பது என்றால் முழுவதும் தவிர்ப்பதா, ஒருபக்கக் கதவை மட்டும் தவிர்ப்பதா என்று விவாதம் நடந்தது. மூன்றாம் கூட்டம் நடக்கவில்லை. ஆறு உறுப்பினர்களுக்குக் காய்ச்சல் வந்து கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள், மேலே ஆள் போதவில்லை. இதற்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று நாலாம் கூட்டத்தை அந்தப் பெஞ்சுகளிலேயே வைத்தார்கள். காய்ச்சல் இருந்தவர்கள் ஒரு பெஞ்சில், இல்லாதவர்கள் எதிர்ப் பெஞ்சில். நடுவே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் கூட்டத்தில் இரண்டு பெஞ்சிலும் காய்ச்சல் என்று சமமாகிவிட்டது.

ஆறாவது கூட்டத்தில் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. நகரத்தில் காய்ச்சல் கூடிவருவதால் சான்று வாரம் ஒருமுறை போதாது, ஓட்டுநர்களும் ஆசிரியர்களும் வாரம் இருமுறை வரவேண்டும்.

"நான் எழுதினது மூடச் சொல்லிதானே சார்?" என்று அவள் குழுத் தலைவரைக் கேட்டாள்.

"உங்க கருத்தையும் சேர்த்திருக்கோம்மா. பின்னிணைப்புல. நன்றியோட."

அதன்பின் அவள் கணவன் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் வரிசையில் நின்றான். மூன்றாவது வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவன் சாப்பாடு வேண்டாம் என்று படுத்தான். நெற்றி அனலாகக் கொதித்தது. பத்து நாள் எழுந்திருக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போட்டபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"ஏம்மா, உன் படத்துல இப்ப நான் எங்க இருக்கேன்?"

"ஓரத்துலதாங்க. சின்னப் புள்ளியா. பேசாம படுங்க."

"சரி, ஓரமா நிறுத்து," என்றான். பேருந்தை நிறுத்துகிற நினைப்பில் சொன்னானா, நினைவு தப்பிச் சொன்னானா என்று தெரியாமல் அவள் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள். பதினோராம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவள் சமையலறைக்குப் போய்ச் சற்று நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதே வாரத்தில் டோக்கன் அக்கா இறந்துபோனாள்.

காய்ச்சலில்தான் இறந்தாள். எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவளுக்குத் திங்கட்கிழமை கொடுத்த சான்று சனிக்கிழமைவரை செல்லும், அவள் இறந்ததோ வியாழக்கிழமை. 'சான்று செல்லுபடியாகும் காலத்தில் மரணம் நேர்ந்திருப்பதால் காய்ச்சல் காரணமெனக் கொள்ள இயலாது' என்று பதிவாளர் எழுதினார். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று போட்டார்கள்.

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் பேசினார். இந்தமுறை நிஜமாகவே ஒலிபெருக்கி இருந்தது.

"இந்த அம்மா இருபத்திரண்டு வருஷம் நம்ம வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க. நான் தினமும் பார்த்திருக்கேன். பேசினதில்லை. ஏன்னா வரிசையைக் குலைக்கக் கூடாது. ஒண்ணு மட்டும் பெருமையா சொல்லுவேன். கடைசி மூச்சுவரைக்கும் செல்லுபடியாகிற சான்றோட வாழ்ந்தாங்க. அவங்க காய்ச்சலால போயிட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க. அப்படிச் சொல்றது அவங்க வாங்கின சான்றை அவமதிக்கிறதாகும்."

முத்திரை அண்ணன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சான்றில் முத்திரை குத்தியது அவர்தான். கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அறைக்குப் போய் விடுப்புக் கடிதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இயக்குநர் விஞ்ஞானியை அழைத்தார். மேசையில் அவள் படத்தின் நகல் ஒன்று விரித்துக் கிடந்தது. யாரோ அதில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"உங்க ஆராய்ச்சியை நான் மறக்கலை. ஒரே கவுண்டர்ல கூட்டம் அதிகம்னு சொன்னீங்க. ஒத்துக்கிறேன். அதனால நாப்பது கவுண்டர் திறக்கப் போறோம். எங்க திறக்கலாம்? உங்க படமே சொல்லுது. பெருசா இருக்கிற நாப்பது புள்ளி. ரயில் நிலையம், சந்தை, பஸ் ஸ்டாண்டு, மருத்துவமனை. மக்கள் எங்க சேர்றாங்களோ அங்க நாம இருக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். பின்னிணைப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"பட்டியலை நீங்களே குடுத்திடுங்க. பத்து நாள்ல. விஞ்ஞானி கையால வந்தா ஒரு மதிப்பு."

அன்று பிற்பகலே அவள் முத்திரை அண்ணன் வீட்டைத் தேடிப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. யாரிடமாவது சொல்லி அழவேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். சவரம் செய்யாத முகத்தோடு அவரே கதவைத் திறந்தார். கூடத்தில் இயக்ககத்தின் விதிப்புத்தகம் திறந்து கிடந்தது. அட்டை கிழிந்த பெரிய புத்தகம்.

"விடுப்புல இருக்கும்போதும் இதையா அண்ணே படிக்கிறீங்க?"

"அக்காவுக்குக் காய்ச்சல்னு எழுத வைக்க எங்கயாவது ஒரு வரி இருக்கான்னு தேடறேம்மா. நாலு நாளா தேடறேன். இல்லை."

அவள் நாற்பது கவுண்டர் செய்தியைச் சொன்னாள். அவர் பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"தேடும்போது இது கண்ணுல பட்டது. ஒன்பதாம் பிரிவு, நாலாவது துணைவிதி. முன்னாடி ஒரு கலங்கரை விளக்கக்காரருக்காகப் போட்டது. அவருக்குக் கரைக்கு வர வழி கிடையாது. படிங்க."

அவள் படித்தாள். 'ஒருவருக்குரிய கவுண்டருக்குப் பொதுப் போக்குவரத்து இல்லாதவிடத்து, அவர் வீட்டிலிருந்தவாறே தம் உடல்நிலையைத் தம் கைப்பட எழுதிக்கொள்வதே சான்றாகும்.'

"ரத்து பண்ணலையா?"

"ரத்து பண்ணணும்னா யாராவது படிச்சிருக்கணுமேம்மா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருடத்தில் முதல் முறையாக விஞ்ஞானிக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடம் டோக்கன் கிழித்தவள் நினைவும் கூடவே வந்ததால் அது பாதியில் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசைமேல் படத்தை விரித்து, கணவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இன்னும் அவன் உடம்பு தேறவில்லை, போர்வையோடுதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் ஊரில் பேருந்து போகாத இடம் எது என்று பேருந்து ஓட்டுகிறவனைவிட யாருக்குத் தெரியும்?

"கல்குவாரிக்குப் பின்னாடி எழுது. அங்க பஸ்ஸை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

"எழுதியாச்சு."

"மூடிக் கிடக்குதே தீப்பெட்டித் தொழிற்சாலை, அதோட கிடங்கு. அப்புறம் பழைய தண்ணித் தொட்டி. அங்க போகணும்னா ஓடையில இறங்கித்தான் போகணும்."

"நல்லா இருக்குங்க. இன்னும் முப்பத்தேழு சொல்லுங்க."

ஒவ்வொன்றையும் அவள் கணினியில் போட்டுப் பார்த்தாள். கோடே இல்லாத புள்ளிகள். அதிகம் போனால் ஒன்று, இரண்டு. பதினோரு வருடத்தில் இவ்வளவு கவனமாக அவள் ஒரு கணக்கும் போட்டதில்லை. இடத்தின் பெயர் ஒன்றைக்கூட எழுதாமல் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மட்டும் எழுதினாள். ஆறாம் தசமம்வரைக்கும்.

இயக்குநர் எண்களைப் பார்த்ததும் மனம் நிறைந்துபோனார்.

"நாப்பதும் விஞ்ஞான முறைப்படி தேர்ந்தெடுத்ததுதானே?"

"ஆமா சார். ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துதான்."

"படத்துல இருக்கிற புள்ளிகள்தானே?"

"படத்துல இருக்கிறதுதான் சார்."

கோப்பில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இடத்தைப் போய்ப் பார்க்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஆறு தசமம் போட்ட எண்ணைப் போய்ப் பார்ப்பது விஞ்ஞானத்தைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும். கருத்தரங்குக் கூடத்தில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தி நாற்பதையும் இயக்குநர் ஒரே நொடியில் திறந்துவைத்தார். மூன்றாம் எண் கவுண்டர் அன்று மாலையே பூட்டப்பட்டது. நாற்பது இருக்கும்போது ஒன்று எதற்கு என்றார்.

முத்திரை அண்ணன் வேலைக்குத் திரும்பினார். ஒன்பதாம் பிரிவின் நாலாவது துணைவிதியைச் சுற்றறிக்கையாகத் தட்டச்சு செய்து பணிமனைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அனுப்பினார். சனங்கள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டார்கள். காய்ச்சல் இல்லாதவர்கள் இல்லை என்று எழுதிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். இருந்தவர்கள் இருக்கிறது என்று எழுதிவிட்டு, பெஞ்சு எதுவும் காத்திராததால், படுத்துத் தூங்கினார்கள். ஐந்தே வாரத்தில் மருத்துவமனைகளில் கட்டில்கள் காலியாகத் தொடங்கின.

இயக்குநருக்கு ஒரு மாநாட்டில் விருது கொடுத்தார்கள். "நாற்பது கவுண்டர்களில் இதுவரை ஒரு காய்ச்சல்கூடப் பதிவாகவில்லை, ஒரு நாள்கூட நெரிசல் இல்லை, மக்களிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை" என்று அவர் பேசியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விஞ்ஞானியும் பின்வரிசையில் எழுந்து நின்றாள். எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்திருக்கத் தெம்பில்லை. இதையே எட்டு மாதம் முன்னால் செய்திருந்தால் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு மனதில் ஓட ஆரம்பித்தது. அதை அவள் முடிக்க விடவில்லை.

மறுநாள் காலை அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. கல்குவாரிக் கவுண்டரில் போட்டிருந்த எழுத்தர்.

"மேடம், நான் வந்து ஆறு வாரம் ஆச்சு. இங்க யாருமே வரலை மேடம். ஒரு ஆடு வந்துச்சு, அதுவும் போயிடுச்சு. பதிவேட்டுல நான் என்னன்னு எழுதறது?"

"யாரும் வரலைன்னு எழுதுங்க."

"தினமுமா?"

"தினமும்."

அந்தப் பக்கம் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இதுக்கு எதுக்கு மேடம் ஒரு ஆளு? நான் பேசாம ஆபீசுக்கே வந்துடட்டுமா?"

விஞ்ஞானி தொலைபேசியைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"வராதீங்க. நீங்க அங்க இருக்கிறவரைக்கும்தான் கவுண்டர் அங்க இருக்கும். நீங்க எந்திரிச்சு வந்தா அதுவும் உங்க பின்னாடியே ஊருக்குள்ள வந்துடும். தயவுசெய்து உட்கார்ந்திருங்க."

"அப்படியா மேடம்? அப்போ இது பொறுப்பான வேலைதான் போல."

"ஆமா," என்றாள் அவள். "இந்த இயக்ககத்துல இப்ப வேலைன்னு நடக்கிறது அது ஒண்ணுதான்."